செருகாத சீட்டுகள்

செவ்வாய்க்கிழமை லாரியில் சரக்கோடு
ஒரு தட்டைப் பெட்டியும் இறங்கும்.
உள்ளே எண்ணூற்றுச் சொச்சம் விலைச்சீட்டுகள்.
பழையதை உருவிப் புதியதைச் செருக வேண்டும்,
கடை திறக்கும் முன்.

கடைக்கு ஆள் இரண்டு பேர்.
வெய்லன் சரக்கிறக்குவான், நான் கல்லாவில்.
இடையில் கழிவறை, இடையில் உடைந்த ஊறுகாய்ப் புட்டி,
இடையில் "பேட்டரி எங்கே இருக்கு?"
பின்னறையில், துடைப்ப வாளிக்குப் பக்கத்தில்,
ஐந்து செவ்வாய் உயரத்துக்குப் பெட்டிகள் ஏறிவிட்டன.

ஆகவே அலமாரி ஒன்று சொல்லும்,
மெஷின் வேறொன்று சொல்லும்.
கல்லாவுக்கு வந்துவிட்டால் மெஷின் சொல்வதே விலை.

ஒஹையோ ஆற்றில் முப்பது வருஷம்
நிலக்கரிப் படகு தள்ளிய ஹார்லன் ஸ்பர்லாக்
பூனைத் தீனி மூட்டையைக் கொண்டுவந்து வைத்தார்.
பீப். ஆறு இருபத்தைந்து.
"ஐந்தரைன்னு எழுதியிருக்கே."
காது மேல் பென்சில். என்னை அழைத்துப் போனார்,
விபத்து நடந்த இடத்தைப் போலீசுக்குக் காட்டுகிறவர் போல.
ஐந்தரைதான். மஞ்சள் தாள், கொட்டை எழுத்து,
ஆகஸ்ட் மாதத்துத் தேதி.

மேலாளர் டென்னா சொல்லித் தந்த வைத்தியம்:
விலையைத் தொடாதே, சீட்டைக் கிழி.
கிழித்தேன், அவர் கண் முன்னாலேயே.
ஒன்றும் சொல்லவில்லை.
ஆறு இருபத்தைந்தை எண்ணி வைத்தார்.
சின்ன நோட்டில் எதையோ குறித்துக்கொண்டார்.
பூனைக்குப் பசிக்குமல்லவா.

அக்டோபரில் கவுண்டி அலுவலகத்திலிருந்து ஒரு பெண்,
கையில் அவளுக்கென்று ஒரு மெஷின்.
ஐம்பது பொருளைப் பொறுக்கி எடுத்து
ஒவ்வொன்றாக ஒளி காட்டினாள்.
பதினேழு பொய்.
பதினேழில் பதினாறு, வாங்குகிறவன் தலையில்.
"தப்புக்குக்கூட வழி தெரிஞ்சிருக்கு"
என்றாள், சிரிக்காமல்.
அபராதத்தைத் தலைமை அலுவலகம் கட்டியது.
நாங்கள் இன்னொரு ஆள் கேட்டோம்.
இன்னொரு பெட்டி வந்தது.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது.
லாண்டரியில் துணி மடிக்கும் ஜோலின்
பால், ரொட்டி, பீன்ஸ் எல்லாம் உணவு அட்டையில் போட்டாள்.
கடைசியாகச் சிவப்பு மழைக்காலணி ஒரு ஜோடி,
குழந்தை அளவு பதினொன்று.
காலணியைத் தின்ன முடியாது, அட்டை ஒத்துக்கொள்ளாது.
ஒன்பது ஒற்றை நோட்டுகளை
நீவி நீவி வைத்தாள்.
பீப்.
திரையில் ஒரு சென்ட்.

எனக்குத் தெரியும் அது என்னவென்று.
ஒரு சென்ட் என்பது விலையல்ல, சாவுச் செய்தி.
சரக்கின் காலம் முடிந்தது,
கத்தியால் கீறிக் குப்பையில் போடு, விற்காதே,
விற்றால் உன் சீட்டு கிழியும்.
போன வாரமே நான் எடுத்துப் போட்டிருக்க வேண்டும்.
அந்தச் சீட்டும் பெட்டியில்தான் கிடக்கிறது.

பதினாறு தடவை மெஷின் சொல்வதே விலை.
இந்த ஒரு தடவை மட்டும்
மெஷினுக்குச் சித்தம் கலங்கிவிட்டதாம்.

"ஒரு சென்ட்" என்றேன்.
"என்னது?"
"மெஷின் சொல்றதுதான் விலை."
நோட்டுகளின் மேல் வைத்த கையை
அவள் எடுக்கவுமில்லை, தள்ளவுமில்லை.
பிறகு பையைத் துழாவினாள்:
ஒரு பொத்தான், ஒரு சாவி, காய்ந்த பெப்பர்மின்ட்.
சென்ட் இல்லை.
ஒரு டாலரை நீட்டுவதற்குள்
பின்னாலிருந்து ஒரு கை வந்து
செம்புக்காசு ஒன்றை மேடையில் வைத்தது.
அடுத்து நின்றவர் ஹார்லன்.

கதவு மூடும்வரை பொறுத்தார்.
காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.
நோட்டைப் புரட்டி எழுபத்தைந்து என்பதை அடித்து
எழுபத்தாறு என்று எழுதி
என் பக்கம் திருப்பிக் காட்டினார்.
"இவ்வளவு எனக்கு வரணும். உன்கிட்டயிருந்து இல்ல."
கூரையில் இருந்த கேமராவை அண்ணாந்து பார்த்தார்,
அது இருமும் என்று எதிர்பார்த்தவர் போல.

பூனைத் தீனி இன்றைக்கு என்ன விலை என்று கேட்டார்.
சீட்டு இருந்த இடம் இன்னும் மொட்டையாகத்தான் இருந்தது.
மெஷினைக் கேட்டுச் சொன்னேன்.